வாயில் வந்துவிடும் சொல்

அன்புள்ள ஐயா,

எனக்கு 41 வயது. அலுவலகத்தில் சிறு பிழை நேர்ந்தாலும் 'நீயெல்லாம் எங்கடா உருப்படப்போற' என்று உள்ளே ஒரு குரல் எழுகிறது. அது என் அப்பாவின் சொல். அவருக்கு இப்போது 74 வயது. அவரிடம் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கவைத்தால் குரல் அடங்குமா? ஆறு வயது மகள் கணக்கில் தவறும்போது அதே சொல் என் வாயிலும் வந்துவிடுவது வேறு வருத்துகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த 'டா'. எவரும் தன்னைத் தானே 'டா' என்று அழைத்துக்கொண்டு பிறப்பதில்லை. யாரோ அழைத்து அழைத்துப் பழக்கியது அது. சோவியத் உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி, 1934இல் தம் 37ஆம் வயதில் காசநோயால் மறைவதற்குள், இதைத் தெளிவாக விளக்கிவிட்டார். சிறு குழந்தை விளையாடும்போது தனக்குத் தானே உரக்கப் பேசிக்கொள்கிறது. பள்ளிப் பருவத்தில் அந்தப் பேச்சு நின்றுபோகிறது. அது வளர்ச்சியில் உதிர்ந்துவிடுகிறது என்று சுவிஸ் உளவியலாளர் பியாஜே கருதினார். பெரியவர்கள் தன்னிடம் பேசிய விதத்திலேயே தன்னிடம் பேசப் பழகும் குழந்தைக்கு, ஏழு வயதையொட்டி அப்பேச்சு ஒலியிழந்து உள்ளே இறங்கிவிடுகிறது என்றார் வைகோட்ஸ்கி.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ரேஷன் கடையில் வரிசையில் நின்று வாங்கிவந்த மண்ணெண்ணெயை வாசற்படியில் தடுக்கி விழுந்து கொட்டிவிட்டேன். அப்பா திட்டினார்; என்ன சொல்லித் திட்டினார் என்பது மறந்துவிட்டது. அப்பாயி மட்டும் முந்தானையால் என் முழங்காலைத் துடைத்தபடி, "எண்ணெய் கெடக்கட்டும் சாமி, மொதல்ல கால நீட்டு" என்றார். இன்றும் நாள்முழுதும் எழுதிய பக்கம் ஒன்றுக்கும் ஆகாமல் போனால் எனக்குள் முதலில் கேட்பது "கெடக்கட்டும் சாமி"தான்.

மன்னிப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. விரும்பினால் கேட்கவையுங்கள், 74 வயதில் அவர் சொல்வது உங்கள் சிறுவயதுக்குப் போய்ச் சேராது.

ஆனால் மகளைப் பற்றிக் கடிதத்தின் வாலில் ஒற்றை வரியில் எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் எனக்குக் கோபம். ஆறு வயது! அந்தப் பேச்சு உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும் வயதே அதுதான். அந்தச் சொல் எங்கே போய்த் தங்கும் என்பது உங்கள் தந்தைக்குத் தெரிந்திருக்காது. உங்களுக்குத் தெரியும், அதன் வலியும் தெரியும், தெரிந்தும் அதையே எடுத்து அவளுக்குக் கொடுக்கிறீர்கள். வாயில் வந்துவிடுகிறது என்பதை நான் ஏற்கமாட்டேன். மேலதிகாரி தவறும்போது அது வருவதில்லையே. அப்படியே வந்துவிட்டாலும், அன்றைக்கே அவளருகே உட்கார்ந்து "அப்பா அப்படிச் சொன்னது தப்புடா கண்ணு" என்று சொல்லுங்கள். நீங்கள் இத்தனை ஆண்டுகளாகக் காத்திருக்கும் மன்னிப்பு அவளுக்கு அரைமணி நேரத்தில் கிடைக்கட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தனியே உட்கார்ந்து படம் வரையும்போது கதவருகே நின்று, அவள் தன்னிடம் என்ன பேசிக்கொள்கிறாள் என்று கேளுங்கள். கேட்டதை அப்படியே எனக்கு எழுதுங்கள்.