மார்க்கர் பார்த்து எடுத்த தக்காளி ரகத்தை நம்பி நடலாமா?

‘மார்க்கர் மூலம் தேர்ந்தெடுத்த, நூற்புழு எதிர்ப்புள்ள தக்காளி என்கிறார்கள். இது பி.டி. மாதிரியா? மருந்துச் செலவு மிச்சமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். பாக்கெட் விலையைப் பார்த்து மலைத்துப்போயிருப்பீர்கள்.

பி.டி. பருத்தி மாதிரி மரபணு மாற்றியது இல்லை இது. மரபணு மாற்றிய தக்காளிக்கு இந்தியாவில் சாகுபடி அனுமதியே கிடையாது. மண்ணிலிருந்து வேரைத் தாக்கி முடிச்சு முடிச்சாக்கும் கண்ணுக்குத் தெரியாத புழுதான் நூற்புழு. அதைத் தாங்கும் ‘மி’ மரபணு பெரு நாட்டுக் காட்டுத் தக்காளியிலிருந்து 1940களில் வந்தது. நேரடியாகக் கலந்தால் விதை பிடிக்காததால், கருவைத் தனியே எடுத்து வளர்த்தார்கள். அப்புறம் நல்ல ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலப்பு. எந்தக் கன்றுக்கு அந்த மரபணு இறங்கியிருக்கிறது என்று தெரிய முன்பெல்லாம் புழு உள்ள மண்ணில் வளர்த்து வேரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். இப்போது நாற்றிலேயே இலையைக் கிள்ளி டி.என்.ஏ. பார்த்துவிடுகிறார்கள். மரபணுவோடு ஒட்டிக்கொண்டே வரும் அடையாளம்தான் மார்க்கர். அது செடிக்குள் எதையும் செய்வதில்லை.

சரி, என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். அயோத்தியாப்பட்டணம் பக்கம் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். போன கோடையில் ஒருவர் சாக்கில் செடிகளைப் பிடுங்கி வந்து என் மேசையில் கொட்டினார். வேரெல்லாம் மஞ்சள் கிழங்கு மாதிரி முடிச்சு முடிச்சாகத் தடித்திருந்தது. “எதிர்ப்பு ரகம்னு சொல்லி என்னத்தையோ தள்ளிட்டியேம்மா” என்று நாலு பேர் முன்னால் சத்தம். மண் சூடு 28 டிகிரியைத் தாண்டினால் ‘மி’ வேலை செய்யாது. நம்ம ஊர் சித்திரை வெயிலில் தழை மூடாக்கு போடாத செம்மண் எவ்வளவு கொதிக்கும்? நாற்று கொடுக்கும்போதே “கோடைக்கு இதை நம்பாதீங்கண்ணா” என்றேன். “வெயிலுக்குத்தாம்மா விலை ஏறும்” என்று எடுத்துப்போனவர் அவர்தான்.

கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். எல்லாக் கம்பெனி விதையும் போடுகிறேன். எதற்கெல்லாம் எதிர்ப்பு என்பதைப் பாக்கெட்டில் எறும்பு எழுத்தில் இங்கிலீஷில் போடுகிறார்களே, அதை நானும் திட்டுகிறவள்தான்.

மருந்துச் செலவு முழுக்க மிச்சமாகாது. ‘மி’ நூற்புழுவுக்கு. ‘டிஒய்’ வகை மரபணுக்கள் இலைச்சுருட்டை வைரஸுக்கு. காய்ப்புழுவும் ஊசிப்புழுவும் இதற்கெல்லாம் அசராது. அவற்றுக்கு, ஆண் அந்துப்பூச்சியை வாசனை காட்டி இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி கட்டுங்கள். காய்ப்புழுவுக்கு 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லியும் போடலாம். பூ வித்த காசும் வரும்.

அப்புறம், கேட்காத ஒன்று. தலைவாசல் மார்க்கெட்டில் பெட்டி விலை ஏறினால் நாற்றுக்கடன் வாங்கிய ஒருத்தரையும் காணோம். இறங்கினால் மட்டும் “கட்டுப்படி ஆகலைம்மா” என்று சொல்ல வந்துவிடுகிறார்கள். கடன் கிடக்கட்டும், நாற்று வைத்துக் கொடுத்த என் குழித்தட்டுகளையாவது திருப்பிக் கொடுங்கள். அதுவும் காசு கொடுத்து வாங்கியதுதான்.