பாலாற்றில் தண்ணீர் வந்த வருடம் என் தம்பி போனான்

இளம் வயதில், வெளியே போன இடத்தில் நேர்ந்த விபத்தில் இறந்துவிட்ட ஒருவரை வீட்டில் எப்படி நினைவுகூர்வது, அவருடைய பேச்சை எடுப்பதா தவிர்ப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் என் தம்பியை அவனுடைய இருபதாவது வயதில் பாலாற்றில் பறிகொடுத்தவள். பேச்சை எடுங்கள், பெயரைச் சொல்லியே பேசுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் அவர் எப்படி இறந்தார் என்பதை முதலில் உள்ளபடி சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் அதை உள்ளபடி சொல்லத் தொடங்கிய பிறகுதான் அவன் உயிரோடு இருந்த இருபது வருடங்களைப் பற்றி எங்களால் வாய் திறக்க முடிந்தது.

எங்கள் ஊர் வேலூருக்கு மேற்கே, விரிஞ்சிபுரத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், பாலாற்றின் தென்கரையில் இருக்கிறது. நந்தி மலைப் பக்கம் தொடங்கி ஆந்திராவைக் கடந்து வாணியம்பாடி வழியாக வருகிற 348 கிலோமீட்டர் ஆறு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேனே தவிர, நான் வளர்ந்த காலத்தில் அதில் ஆறு என்று சொல்லும்படி தண்ணீர் ஓடிப் பார்த்த நாட்கள் மிகவும் குறைவு. கரையிலிருந்து கரைவரை மணல்தான். மணலை முழங்கை ஆழத்துக்குக் கையால் தோண்டினால் ஊற்று சுரக்கும். முதலில் கலங்கலாக வருவதை இறைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்தால் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். அந்த மணல்தான் எங்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம்.

அம்மாவுக்கு நான் பிறந்து எட்டு வருடம் வரை அடுத்த பிள்ளை இல்லை. கார்த்திகை மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று, பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் விரிஞ்சிபுரம் கோயிலின் சிம்ம தீர்த்தத்தில் இரவில் மூழ்கி எழுந்து, ஈரப் புடவையோடு கோயிலுக்குள் படுத்துக்கொள்வார்கள். கனவில் பூவோ பழமோ கண்டால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை. 2000-ஆம் ஆண்டு அம்மா அங்கே போனபோது, மாற்றுப் புடவை வைத்திருந்த பையை மடியில் கட்டிக்கொண்டு நான் தூணோரம் உட்கார்ந்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கல் தரையில் அம்மாவின் புடவையிலிருந்து வடிந்த தண்ணீர் நான் உட்கார்ந்திருந்த இடம் வரைக்கும் ஓடி வந்தது. மறு வருடம் தம்பி பிறந்தான். வழித்துணை நாதரான மார்க்கபந்தீசுவரர் கொடுத்த பிள்ளை என்பதால் மார்க்கபந்து என்று பெயர் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு மார்க்கபந்து உண்டு. வீட்டில் அவன் பந்து. கையில் எந்நேரமும் ஒரு டென்னிஸ் பந்து இருந்ததால் அந்தப் பெயர் அவனுக்கு இன்னும் பொருந்திப்போனது. திண்ணைச் சுவரில் அதைத் தட்டித் தட்டி அவன் உண்டாக்கிய வட்டக் கறைகளின்மேல் அப்பா இன்றுவரை வெள்ளை அடிக்கவில்லை.

அப்பா அரை ஏக்கரில் முள்ளுக் கத்தரி வைத்திருக்கிறார். வேலூர் முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. தம்பி இருந்திருந்தால் அன்றைக்கு ஊரையே கூட்டியிருப்பான், ஏனென்றால் விடியற்காலையில் வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு மூட்டையோடு போய் இந்தக் காய்க்கு விலை பேசிப் போராடியவன் அவன்தான். காம்பிலும் காயின் தொப்பியிலும் முள் இருக்கும் காய் அது. பறித்து முடித்ததும் என்னிடம் வந்து கையை நீட்டுவான். நான் ஊக்கால் ஒவ்வொரு முள்ளாக நெம்பி எடுப்பேன். எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, வலி தெரியாமலிருக்க ஏதாவது கணக்குக் கேட்கச் சொல்வான். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை அவன் பிழையில்லாமல் சொன்னது அந்த நேரங்களில் மட்டும்தான். கல்லூரியில் அவனுக்கு இரண்டு பாடம் அரியர் இருந்ததும் அதை அப்பாவிடம் மறைத்ததும் எனக்குத் தெரியும். அவனை நல்ல பிள்ளை என்று மட்டும் சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை; பொய் சொன்னால் காது சிவந்துவிடும் பிள்ளை என்று சொன்னால்தான் அவன் என் கண்முன் வருகிறான்.

2021-ஆம் ஆண்டு நவம்பரில் பெருமழை பிடித்து, மூன்றாம் வாரத்தில் பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனது. 1903-ஆம் ஆண்டு வாணியம்பாடியை அழித்த வெள்ளத்துக்குப் பிறகு இப்படி ஒரு தண்ணீர் வந்ததில்லை என்று ஊரில் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். மோர்தானா அணை நிரம்பிக் கவுண்டன்ய ஆற்றிலும் தண்ணீர் வந்தது. பல இடங்களில் தரைப்பாலங்கள் அடித்துக்கொண்டு போயின. சோகமான செய்திகள் எத்தனையோ வந்துகொண்டிருந்தாலும், உண்மையைச் சொன்னால், எங்கள் ஊர் ஆற்றைப் பார்த்து மகிழ்ந்தது. கற்பூரம் ஏற்றிப் பூத்தூவிக் கும்பிட்டார்கள். தண்ணீரே பார்க்காத பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்கள்.

வெள்ளம் வடிந்து, டிசம்பர் முதல் வாரத்தில் கணுக்கால் முதல் முழங்கால் வரை தெளிந்த தண்ணீர் பரவலாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தம்பியும் அவனுடைய நண்பனும் ஆற்றில் இறங்கி நடந்தார்கள். குளிக்கப் போகவில்லை, பந்தயம் கட்டவில்லை, குடிக்கவில்லை. தாங்கள் சிறுவயது முதல் விளையாடிய கிரிக்கெட் பிட்ச் இப்போது தண்ணீருக்கு அடியில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் போனார்கள். தெற்கே கோயில் கோபுரமும் வடகரையில் தனியாக நிற்கும் ஒற்றைப் பனையும் நேர்க்கோட்டில் வரும் இடம்தான் பந்து வீசும் முனை என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு இருந்தது. தம்பி முன்னால் நடந்தான். கோபுரத்தைத் திரும்பிப் பார்த்து, இன்னும் நாலடி, இன்னும் ரெண்டடி என்று சொல்லிக்கொண்டே பின்பக்கமாகக் காலெடுத்து வைத்தான். அடுத்த அடியில் மணல் இல்லை.

அங்கே மணல் அள்ளியவர்கள் விட்டுப்போன பள்ளம் ஒன்று கரையோரமாகப் பல வருடங்களாக இருந்தது. விளையாடுகிறவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். பந்து விழுந்தால் இறங்கி எடுத்துக்கொண்டு வருவார்கள். வெள்ளம் அந்தப் பள்ளத்தின் விளிம்பைக் கரைத்து, அரித்து, பிட்ச் இருந்த இடத்துக்கே நகர்த்திவிட்டது. பள்ளத்துக்கு மேலேயும் தண்ணீர் மற்ற இடங்களைப் போலவே அமைதியாக ஓடியதால், கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு எல்லாம் ஒரே மட்டமாகத்தான் தெரிந்தது. தம்பிக்கு நீச்சல் தெரியும், எங்கள் கிணற்றில் மேல்படியிலிருந்து குதிக்கிறவன் அவன். ஆனால் கிணற்றில் பிடித்து ஏறக் கல்படி இருக்கிறது. மணல் பள்ளத்தின் விளிம்பைப் பிடித்தால் கைப்பிடி மணல் கையோடு வரும். காலை ஊன்றினால் சரிவு முழுவதும் சரிந்து மேலே விழும். மேலேற முயலுகிற ஒவ்வொரு முறையும் ஆளை உள்ளேதான் தள்ளும். கையை எட்டிப் பிடித்த நண்பனும் உள்ளே இழுபட்டான். கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் வேட்டியை அவிழ்த்து வீசியதில் அவன் பிழைத்தான். தம்பியைத் தீயணைப்புத் துறையினர் இருட்டும் நேரத்தில் எடுத்தார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னவை எனக்கு இன்றும் காதில் இருக்கின்றன. தண்ணீரில் கண்டம் என்று ஜாதகத்தில் இருந்திருக்கும் என்றார் ஒருவர். வயதுப் பிள்ளைகள் சொன்ன பேச்சா கேட்கிறார்கள் என்றார் இன்னொருவர். வெள்ளத்தில் விளையாடப் போன வாலிபர் என்று ஊரெல்லாம் பேச்சானது. தண்ணீரில் வரமாக வாங்கிய பிள்ளையைத் தண்ணீரே வாங்கிக்கொண்டது என்று ஒரு பாட்டி சொல்லி அழுதபோது, அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். தான் வேண்டிக்கொண்டதில் ஏதோ குறை என்று நம்பி, ஒரு வருடம் முழுவதும் கோபுரம் தெரியாத பக்கமாகத் திரும்பியே உட்கார்ந்தார்.

அந்த ஒரு வருடம் எங்கள் வீட்டில் யாரும் பந்து என்று சொல்லவில்லை. விளையாடுகிற பந்தைக்கூட என் மகளிடம் "அந்த பாலை எடு" என்றுதான் சொன்னோம். சந்தைக்குக் காய் போனதே தவிர வீட்டில் கத்தரிக்காய் சமைக்கவில்லை. தவிர்ப்பதால் மனம் ஆறும் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்: பேசாமல் இருந்த அந்த வருடத்தில் அவன் எங்களுக்கு ஒரு பிணமாக மட்டுமே இருந்தான். அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணி சுற்றி எங்களிடம் கொடுத்த அந்த உருவத்தைத் தாண்டி, அதற்கு முந்தைய ஒரு நாளைக்கூட என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

அதை மாற்றியவர் அப்பா. பிழைத்து வந்த நண்பன் ஒரு வருடமாக எங்கள் தெருவுக்கே வராமல், பேருந்துக்குப் போகக்கூடச் சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்தான். முதலாம் ஆண்டு நினைவு நாள் முடிந்த மறுநாள் அப்பா அவன் வீட்டுக்குப் போய், கையைப் பிடித்து அழைத்துவந்து, எங்கள் கூடத்தில் உட்கார வைத்தார். "என்ன நடந்துச்சுன்னு நீ சொல்லுப்பா, யாரும் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றார். அவன் கோபுரம், பனை, நாலடி, ரெண்டடி எல்லாவற்றையும் அன்றுதான் சொன்னான். கடைசியாகத் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான் என்பதையும் சொன்னான். அம்மா எதுவும் பேசாமல் எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து, ஒரு வருடத்தில் முதல்முறையாக, வாசலில் வந்து கோபுரம் தெரியும் பக்கமாக நின்றார். அன்றிரவு என்னிடம், "அந்தக் கார்த்திகைல எனக்குக் கனவே வரலடி. குளிர்ல தூக்கமே வரல. எல்லாரும் கேட்டாங்கன்னு எலுமிச்சம்பழம் வந்துச்சுன்னு சொல்லிட்டேன்" என்றார். இருபத்திரண்டு வருடம் மனதுக்குள் வைத்திருந்ததைச் சொல்லிவிட்ட பிறகு, தன் பொய்யால்தான் பிள்ளை போனானோ என்று அழுதார். பள்ளத்தைப் பற்றி நான் அவரிடம் மறுபடியும், ஒரு பாடம் நடத்துவதைப் போல, மணல் எப்படிச் சரியும் என்பதுவரை விளக்கிச் சொன்னேன். அதுவரைக்கும் யாரும் அவரிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை.

இப்போது யாராவது விதி என்றோ அடங்காத பிள்ளை என்றோ தொடங்கினால், நான் மரியாதையாகக் குறுக்கிட்டு நடந்ததைச் சொல்கிறேன். சண்டைக்காக அல்ல. அவன் அசட்டுத் துணிச்சலால் இறந்தான் என்று ஊர் நம்பினால், தங்கள் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை என்ற தைரியத்தில் எல்லோரும் சும்மா இருந்துவிடுவார்கள். அவன் தனக்குப் பழக்கமான இடத்தில், பழக்கமான கணக்கை நம்பி நடந்து இறந்தான். அது யார் பிள்ளைக்கும் நடக்கும். ஆற்றில் தண்ணீர் வரும் என்று தெரிந்தால், அப்பாவும் அந்த நண்பனும் இன்னும் நாலு பேரும் கரையில் தெரிந்த பள்ளங்களைச் சுற்றி மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுகிறார்கள். பிள்ளைகளிடம் நான் சொல்வது இவ்வளவுதான்: வெள்ளம் போன ஆற்றில் போன வருடத்துத் தரை இருக்காது, யாராவது மூழ்கினால் உள்ளே இறங்காமல் வேட்டி, புடவை, நீளக் கழி, மூடி போட்ட காலிக் கேன் என்று எது கிடைத்தாலும் வீசுங்கள், நீங்களே விழுந்தால் விளிம்பைப் பற்றி ஏறப் போராடாமல் மல்லாந்து மிதந்து கூப்பிடுங்கள். வேட்டி வீசிய அந்த மாடு மேய்க்கிறவரை ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுகிறோம்.

இறந்தவர்களுக்குப் பொங்கலுக்கு முன்பு துணி வைத்துப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த நண்பன் வந்து பேசிய பிறகுதான் அம்மா தம்பிக்குப் படைக்கவே சம்மதித்தார். கத்தரிக்காய்க் காரக்குழம்பு, வடை, அவன் பந்து, ஒரு வேட்டி, ஒரு சட்டை. படைத்த சட்டையை அந்த நண்பனுக்குக் கொடுப்பது என்று அம்மாவே முடிவு செய்தார். முதல் முறை 38 அளவில் வாங்கினோம். அவன் உயிரோடு இருந்தபோது போட்ட அளவு அதுதான். இந்த வருடம் துணிக்கடையில் நான் 38 என்று கேட்டபோது, அம்மா கடைக்காரரிடம், "40 குடுங்க, புள்ளைக்கு இப்போ ஒடம்பு போட்டிருக்கும்" என்றார். கடைக்காரருக்கு எதுவும் தெரியாது. 40-ஐ எடுத்து மடித்துப் பையில் போட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நண்பன் ஒல்லியான உடம்புக்காரன். சட்டை அவனுக்குத் தொளதொளவென்றுதான் இருக்கிறது. கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு, காய் பறிக்கிற நாளில் அதைப் போட்டுக்கொண்டுதான் தோட்டத்துக்கு வருகிறான்.