சமுதாயக் கல்லூரியில் லிபரல் ஆர்ட்ஸ் படித்தால் இரண்டு ஆண்டுகள் வீணாகுமா?

அமெரிக்காவில் சிறிய சமுதாயக் கல்லூரி (இரண்டு ஆண்டுப் படிப்பு வழங்கும் உள்ளூர்க் கல்லூரி) ஒன்றில் லிபரல் ஆர்ட்ஸ், அதாவது மொழி, வரலாறு, கணிதம், அறிவியல் எனப் பல துறைகளைத் தொடும் பொதுக்கல்வி, படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாறலாம். 1901இல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கப்பட்ட ஜோலியட் ஜூனியர் கல்லூரி என்ற சமுதாயக் கல்லூரியின் நோக்கமே, பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை மாணவர்கள் சொந்த ஊரிலேயே படிக்கச் செய்வதுதான்.

ஆனால், பட்டம் கிடைப்பதும் படித்த பாடங்கள் ஏற்கப்படுவதும் ஒன்றல்ல. ஃபுளோரிடாவில் 60 கிரெடிட் (பாட அளவைக் குறிக்கும் மதிப்பலகு) கொண்ட இணைநிலைக் கலைப் பட்டத்தை, அதாவது சமுதாயக் கல்லூரியின் இரண்டு ஆண்டுப் பட்டத்தை, முடித்தவருக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுள் ஒன்றில் இடம் உறுதி; எனினும் அவர் விரும்பும் பல்கலைக்கழகத்திலோ, விரும்பும் துறையிலோ இடம் கிடைக்கும் என்று அந்த விதி உறுதியளிப்பதில்லை. அதனால் எந்தத் துறைக்கு மாறப்போகிறீர்கள் என்பதை முதல் ஆண்டிலேயே ஓரளவு தீர்மானித்து, அத்துறை கேட்கும் முன்தேவைப் பாடங்களை, குறிப்பாகக் கணிதத்தையும் ஆய்வகத்துடன் கூடிய அறிவியலையும், தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள். பொருளாதாரம் படிக்க விரும்புபவர் கால்குலஸ் என்னும் நுண்கணிதத்தைத் தவிர்த்தால், மாறிய பிறகு கூடுதலாக ஒரு பருவமே செலவிட நேரலாம். பாடத்திட்டத் தாள்களையும் பத்திரப்படுத்துங்கள். ஒரு பாடம் இணையானதா என்ற ஐயம் எழும்போது பல்கலைக்கழகம் அவற்றைத்தான் கேட்கும்.

சிறிய கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மொழிப்பாடம் போன்றவை ஆள் சேராமல் நின்றுபோவதுண்டு. அதற்கு ஈடாக, முதலாண்டுக் கட்டுரைப் பயிற்சியைப் பெரும்பாலும் அனுபவமுள்ள ஆசிரியரே நடத்தி, உங்கள் வரைவுகளைத் தாமே படித்துத் திருத்துவார். பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அந்தப் பணி ஆராய்ச்சி மாணவர்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. என் பார்வையில், கட்டணக் குறைவைவிட இதுவே பெரிய ஆதாயம்.