பிளக் பொருந்தாத பிரேக் சென்சார்

கேள்வி: எனது பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் காரில் பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பேடுகளை மாற்றியபோது, கடையில் வாங்கிய சென்சாரின் பிளக் பொருந்தவில்லை. சரியானதை எவ்வாறு கண்டறிவது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மாடலையும் ஆண்டையும் மட்டும் சொல்லிக் கேட்டால் இப்படித்தான் நேரும், ஏனெனில், ஒரே மாடலுக்குள்ளும் பிரேக் அமைப்புக்கு ஏற்பச் சென்சார் மாறக்கூடும். ஆர்.சி.யில் சேசிஸ் எண்ணாக அச்சிடப்பட்டுள்ள 17 குறிகளில் கடைசி 7-ஐக் கொடுத்தால், உங்கள் வண்டிக்குரிய பாக எண்ணை உதிரிபாகக் கடைக்காரர் பார்த்துச் சொல்லிவிடுவார்.

முன்பக்கச் சென்சாரும் பின்பக்கச் சென்சாரும் வேறு வேறு. இவ்வகைக் கார்களில் பொதுவாக முன் இடது சக்கரத்திலும் பின் வலது சக்கரத்திலும் மட்டுமே அவை இருக்கும். கழற்றிய பழைய சென்சாரைக் கடைக்கு எடுத்துச் சென்று, வயரின் நீளம், பிளக்கின் வடிவம், வயரைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையங்களின் இடம் ஆகியவற்றைப் புதியதன் அருகில் வைத்து ஒப்பிடுங்கள்.

பேடு தேய்ந்ததும் சென்சாரின் நுனி டிஸ்க்கில் உரசி, உள்ளிருக்கும் மெல்லிய கம்பி அறுவதால்தான் விளக்கு எரிகிறது. ஆகவே அதை மீண்டும் பயன்படுத்த இயலாது. அறுந்த கம்பிகளை முறுக்கி இணைத்து விளக்கை அணைத்துத் தரும் மெக்கானிக்குகளும் உண்டு, அதற்கு இசையாதீர்கள். புதியதைப் பொருத்திய பின், சர்வீஸ் மெனுவில் பிரேக் பகுதியை ரீசெட் செய்ய வேண்டும்.