வாசகர் கேள்வி - பதில்: ஓடைக்கு அந்தப் பக்கம் எத்தியோப்பியா

கேள்வி: சோமாலியா என்றாலே பஞ்சமும் கடற்கொள்ளையும்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆனால் அங்கே எத்தியோப்பிய எல்லையில் வஜாலே என்று ஒரு ஊர், வியாபாரத்தை மட்டும் நம்பி மளமளவென்று வளர்கிறதாமே? அரசாங்கமே இல்லாத இடத்தில் இது எப்படி நடக்கும்?

பதில்: வஜாலே இருப்பது சோமாலிலாந்தில். 1991-ல் தனி நாடு என்று அறிவித்துக்கொண்ட பகுதி. சோமாலியா அதை ஏற்கவில்லை. ஆனாலும் அங்கே தனி நிர்வாகம், தனி நாணயம், சுங்கம், போலீஸ் எல்லாம் உண்டு. அதனால் அரசாங்கமே இல்லை என்று சொல்வது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

மழை பெய்தால் மட்டும் நீர் ஓடும் ஓடை ஒன்றுதான் அங்கே எல்லை. இந்தப் பக்கம் சோமாலிலாந்தின் தலைநகர் ஹார்கேசாவுக்குப் போகும் சாலை, அந்தப் பக்கம் எத்தியோப்பிய நகரமான ஜிஜிகாவுக்குப் போகும் சாலை. 1897-ல் பிரிட்டனும் எத்தியோப்பியாவும் தங்களுக்குள் பேசிப் போட்டுக்கொண்ட கோடு அது, ஆடும் ஒட்டகமும் மேய்த்துக்கொண்டிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு பக்கமும் சோமாலிகள்தான், ஒரே மொழி, ஒரே குலங்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். 1988-ல் அன்றைய சோமாலிய சர்வாதிகாரி சியாத் பாரேயின் ராணுவம் ஹார்கேசாவைக் குண்டு வீசித் தரைமட்டமாக்கியபோது லட்சக்கணக்கானவர்கள் இந்த எல்லையைக் கடந்துதான் ஓடினார்கள். அந்தப் பக்கம் ஹார்ட்டிஷேக் என்ற இடத்தில் உருவான முகாம், ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய அகதி முகாம் என்று சொல்லப்பட்டது. முகாமோடு சேர்ந்து சந்தையும் முளைத்தது, எல்லாவற்றையும் இழந்தவர்கள் வாங்கி விற்றுத்தான் மறுபடி எழுந்து நின்றார்கள். 2004-ல் முகாம் மூடப்பட்டது, வியாபாரம் நிற்கவில்லை.

1993-ல் எரித்ரியா பிரிந்த பிறகு எத்தியோப்பியாவுக்குக் கடற்கரை கிடையாது. அதன் கிழக்குப் பகுதி மக்களுக்கு மிக அருகில் இருக்கும் துறைமுகங்களில் ஒன்று சோமாலிலாந்தின் பெர்பெரா. அரிசி, சர்க்கரை, பாஸ்தா, சமையல் எண்ணெய், துணிமணி, எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் பெர்பெராவில் இறங்கி வஜாலே வழியாக உள்ளே போகின்றன. அங்கிருந்து ஆடு, மாடு, ஒட்டகம், வெங்காயம், உருளைக்கிழங்கு, அப்புறம் போதைக்காக மெல்லும் காட் இலை வெளியே வருகின்றன. ஒரு பக்கம் இருப்பது மறுபக்கம் இல்லை, ஒரு பக்கத்து விலை மறுபக்கத்தில் செல்லாது. ஊர் பிழைப்பதே அந்த வித்தியாசத்தில்தான்.

கேள்வி: அங்கே சந்தை எப்படி நடக்கும்? வங்கி இல்லாமல் பணம் எப்படிக் கைமாறுகிறது?

பதில்: சோமாலிகளின் கால்நடைச் சந்தையில் விலை வாயால் பேசப்படுவதில்லை. கழுத்து வரை கறுப்பும் உடம்பெல்லாம் வெள்ளையுமான செம்மறிகள் கூட்டமாக நிற்க, தரகரும் வாங்க வந்தவரும் கையைக் கோத்து மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள்கிறார்கள். நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடிப்பது போலவேதான். பிடித்த விரல் பத்தா, நூறா, ஆயிரமா என்பது எதிரில் நிற்கும் பிராணியைப் பார்த்தே இருவருக்கும் தெரியும். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. தரகரை இருவரும் நம்பியாக வேண்டும், ஏமாற்றினால் அவர் குலமே பதில் சொல்ல வேண்டியிருக்கும். இந்தப் பிடிமானம்தான் அங்கே வியாபாரத்தைத் தாங்குகிறது என்பது என் கருத்து.

பணம் மூன்று விதம். 1994-ல் வந்த சோமாலிலாந்து ஷில்லிங், ஒரு டாலருக்கு எட்டாயிரத்துக்கு மேல் என்பதால் செங்கல் செங்கலாகக் கட்டி அடுக்கி வைத்திருப்பார்கள். எத்தியோப்பிய பிர். பெரிய கணக்கெல்லாம் டாலர், அதுவும் பெரும்பாலும் போனில். டெலிசோம் என்ற தொலைபேசி நிறுவனம் 2009-ல் தொடங்கிய, போனிலேயே பணம் அனுப்பும் ஸாட் சேவை வந்ததிலிருந்து, சாதாரண பட்டன் போனிலேயே டீக்கடைக்காரர் வரை டாலரில் வாங்கிக்கொள்கிறார்கள். 2024 ஜூலை இறுதியில் எத்தியோப்பியா பிர்ரின் மதிப்பைச் சந்தையிடம் விட்டபோது, அதிகாரப்பூர்வமாக 57 பிர் அளவில் இருந்த டாலர் சில வாரங்களில் 100-ஐத் தாண்டியது. வெளிச்சந்தை விலை அதற்கு முன்பே அங்கே போய்விட்டிருந்தது. இந்த விலை ஏற்ற இறக்கத்தை அன்றாடம் கணக்குப் போட்டுக்கொண்டுதான் எல்லைச் சிறு வியாபாரி சரக்கு வாங்க வேண்டும்.

கேள்வி: உள்ளதைச் சொல்லுங்கள், இதெல்லாம் கடத்தல்தானே?

பதில்: எத்தியோப்பியச் சட்டப்படி இதில் நிறைய கடத்தல்தான். ஆனால் ஒரு மூட்டை சர்க்கரையைக் கழுதை வண்டியில் ஏற்றி ஓடையைத் தாண்டும் பெண்ணையும், லாரி லாரியாக சிகரெட் கடத்துகிறவனையும் ஒரே சொல்லால் அழைப்பதை நான் ஏற்க மாட்டேன். அவள் போவது பாட்டி காலத்திலிருந்து போய்வந்த பாதை. சந்தையில் சில்லறை வியாபாரம் பெரும்பாலும் பெண்கள் கையில்தான், காட் விற்பதும் அவர்கள்தான். எத்தியோப்பியாவின் ஹரார் நகருக்குப் பக்கத்து அவடேயில் பறித்த இலை, வாடுவதற்குள் விற்றாக வேண்டும் என்பதால் வண்டிகள் தலைதெறிக்கப் பறக்கின்றன. அரசுக்கு வரி கிடைக்கிறது, பல வீடுகளில் அடுப்பு எரிகிறது, இன்னும் பல வீடுகளில் ஆண்களின் சம்பாத்தியம் மத்தியானத்தோடு மென்று தீர்க்கப்படுகிறது. இரண்டும் உண்மை.

கேள்வி: இனி அந்த ஊர் என்ன ஆகும்?

பதில்: எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. சவுதி அரேபியா 2000-ல் கால்நடை இறக்குமதியைத் தடை செய்து 2009-ல்தான் நீக்கியது. ஹஜ் காலத்து விற்பனையை நம்பியிருந்த மேய்ப்பர்கள் அந்த வருடங்களில் பட்ட பாடு கொஞ்சமல்ல. எங்கோ எடுக்கும் ஒரு முடிவு இவர்கள் தலையில் விழுகிறது. இப்போது துபாயின் துறைமுக நிறுவனமான டிபி வேர்ல்டு பெர்பெராத் துறைமுகத்தை நவீனமாக்கியிருக்கிறது, அங்கிருந்து வஜாலே வரை 250 கிலோமீட்டர் சாலை அபுதாபி நிதியில் போடப்பட்டது. நல்லதுதான். ஆனால் சீல் வைத்த கண்டெய்னர்கள் ஊரில் நிற்காமல் நேராக அடிஸ் அபாபாவுக்குப் போனால், இறக்கி ஏற்றுகிறவர், பணம் மாற்றுகிறவர், டீ போட்டுக் கொடுக்கும் அம்மா இவர்களுக்கெல்லாம் அதில் என்ன இருக்கிறது? இரண்டு பக்கச் சுங்கமும் அந்த ஊரை வைத்து வசூலிக்கிறது. அதில் ஒரு பங்கைக் குடிநீருக்கும் சாக்கடைக்கும் பள்ளிக்கும் அதே ஊரில் செலவழிக்கட்டும், சிறு வியாபாரிகளுக்கு ஓடைக்கு இரண்டு பக்கமும் செல்லும் ஒரே அனுமதிச் சீட்டைக் கொடுக்கட்டும். துறைமுக ஒப்பந்தம் போடத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை.