வளர்த்த பிள்ளையும் வரவு செலவுக் கணக்கும்: கால்பந்து கேள்வி–பதில்

சென்ற இதழில், நான் இங்கிலாந்துக் கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட்டின் ரசிகன், மெக்டோமினே என்ற ஆட்டக்காரரை அவர்கள் விற்றதில் எனக்கு வருத்தம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். ஆறுதல் சொல்லிச் சிலர், சீண்டிப் பலர் எழுதியிருக்கிறார்கள். சரி, இந்த முறை கால்பந்துக் கேள்விகள் மட்டும்.

2013 வரை யுனைடெட்டை நடத்திய ஃபெர்குசனுக்குப் பிறகு வந்த மேனேஜர்களில் (தலைமைப் பயிற்சியாளர்களில்) ஒருவர்கூட ஏன் நிலைக்கவில்லை?
*– வாசகர், திண்டுக்கல்*

மோயஸ், வான் கால், மொரீன்யோ, சோல்ஷர், டென் ஹாக், அமோரிம். இவர்களெல்லாம் ஆட்டம் தெரியாதவர்களா? மொரீன்யோ இரண்டு கிளப்புகளுக்கு ஐரோப்பாவின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் வாங்கித் தந்தவர். வான் கால் 1995-இல் அயாக்ஸ் பையன்களை வைத்துக்கொண்டு ஏசி மிலானைத் தோற்கடித்தவர். அந்த இறுதியாட்டத்தில் கோல் போட்ட க்ளைவர்ட்டுக்கு வயது 18.

கோளாறு நாற்காலியில் இருக்கிறது. மோயஸிடம் ஆறு வருட ஒப்பந்தம் போட்டுவிட்டு பத்தே மாதத்தில் அனுப்பினார்கள். ஃபெர்குசன் வந்தது 1986 நவம்பரில். முதல் கோப்பை 1990 மே மாதம்தான். அதற்கு முந்தைய டிசம்பரில், ‘மூன்று வருடமாகச் சாக்குப்போக்கு, போய் வாருங்கள்’ என்ற பொருளில் எங்கள் ரசிகர்களே மைதானத்தில் துணி பிடித்தார்கள். இன்றாக இருந்தால் அந்தத் துணி காய்வதற்குள் புது ஆள் வந்திருப்பார்.

கோப்பை இல்லாத அந்த வருடங்களில் ஃபெர்குசன் என்ன செய்தார் என்று பாருங்கள். உள்ளூர்ப் பையன்களைத் தேடிப் பிடிக்க ஆள் போட்டார். அந்த வேலையில் முக்கியமானவர் பிரையன் கிட். அவரே யுனைடெட் வளர்த்த பையன்தான். 1968 ஐரோப்பியக் கோப்பை இறுதியில், தன் 19-ஆவது பிறந்தநாளில் கோல் போட்டவர். அப்படித் தேடியதன் பலன் 1992-இல் இளைஞர் எஃப்.ஏ. கோப்பையாக வந்தது. கிக்ஸ், பெக்கம், பட், கேரி நெவில் எல்லாம் அந்த அணி. தென்னை வைத்தால் ஏழெட்டு வருடம் காத்திருக்க வேண்டும். கீரை விதைத்தால் இருபது நாளில் பறிக்கலாம். அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாதவன் கீரைதான் போடுவான்.

ஃபெர்குசனைத் தவிர பிடித்த மேனேஜர்?
*– வாசகி, திருச்சி*

வெங்கர். 16 வயது ஃபாப்ரிகாஸை ஆர்சனல் சட்டையில் இறக்கிவிட்ட தைரியத்துக்காக. என் அக்கா மகன் ஆர்சனல் ரசிகன், இந்தப் பக்கத்தை அவன் கண்ணில் காட்டிவிடாதீர்கள்.

சின்னப் பையன்களை வைத்து எதையும் ஜெயிக்க முடியாது என்று டிவியில் ஒருவர் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாராமே?
*– கல்லூரி மாணவர், நாகர்கோவில்*

ஆலன் ஹான்சன் என்ற விமர்சகர். 1995 ஆகஸ்டில், சீசனின் முதல் ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லாவிடம் யுனைடெட் 3-1 என்று தோற்ற அன்று பிபிசியில் சொன்னார். அந்தக் கோடையில்தான் இன்ஸ், ஹ்யூஸ், கான்செல்ஸ்கிஸ் மூவரும் விற்கப்பட்டு, அவர்கள் இடத்துக்குப் பையன்கள் வந்திருந்தார்கள். அடுத்த மே மாதம் லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டும் எங்களுக்கு. இன்று வரை மனிதரை விடாமல் கிண்டல் செய்கிறார்கள்.

ஆனால் ஒன்று. ஹான்சன் சொன்னதில் பாதி உண்மை. அந்த அணியில் பின்னால் ஷ்மைக்கேல், புரூஸ், பாலிஸ்டர், நடுவில் கீன் இருந்தார்கள். எட்டு மாதத் தடை முடிந்து அக்டோபரில் கன்டோனா திரும்பினார். பெரியவர்கள் நிற்கிற வீட்டில்தான் பையன்கள் பயமில்லாமல் ஓடியாடினார்கள். இன்றைய யுனைடெட்டில் 19 வயதுப் பையன் தப்பாக ஒரு பாஸ் கொடுத்தால், பக்கத்தில் நிற்கும் 30 வயதுக்காரரும் கையை விரிக்கிறார்.

மெக்டோமினே போனதற்கு நீங்கள் இவ்வளவு வருத்தப்படுவானேன்? யுனைடெட்டில் அவர் அப்படியொன்றும் கிழிக்கவில்லையே?
*– வாசகர், கோவை*

கிழிக்கவில்லை என்று நானும் சொன்னவன்தான். அதுதான் உறுத்துகிறது.

ஐந்து வயதில் கிளப்போடு ஒட்டிக்கொண்ட பையன். 22 வருடம். மொரீன்யோதான் முதலில் மேலே ஏற்றினார். 2018-இல் அவருக்கென்றே ‘மேனேஜரின் சிறந்த வீரர்’ என்று ஒரு விருதையும் உண்டாக்கிக் கொடுத்தார். நாங்கள் சிரித்தோம். அடுத்தடுத்து வந்த மேனேஜர்கள் அவரைத் தடுப்பு வேலைக்கு நிறுத்தினார்கள், பந்தைப் பின்னாலிருந்து எடுத்து வரச் சொன்னார்கள். அவர் பலமே வேறு: கோலுக்கு முன்னாலிருக்கும் பெட்டிக்குள் தாமதமாக நுழைந்து கோல் போடுவது. டிவி முன்னால் உட்கார்ந்து, ‘இவனை எதற்கு இறக்குகிறார்கள்’ என்று கத்திய ஆள் நான்.

2024 ஆகஸ்டில் சுமார் 2.5 கோடி பவுண்டுக்கு இத்தாலியின் நாப்போலிக்கு விற்றார்கள். அதே நாட்களில் அதைவிட அதிக விலைக்கு பாரிஸிலிருந்து உகார்த்தே என்ற மிட்ஃபீல்டரை வாங்கினார்கள். நாப்போலியில் மேனேஜர் கான்டே செய்தது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. முன்னால் போ என்றார். லீக்கில் 12 கோல்.

2025 மே 21: பில்பாவோவில் யூரோப்பா லீக் இறுதியில் டாட்டன்ஹாமிடம் யுனைடெட் 1-0 என்று தோற்றது. இரண்டு நாள் கழித்து, நம் நேரப்படி நள்ளிரவு 12.15-க்கு நாப்போலி–கல்யாரி. மனைவி தூங்கியதும் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தேன். பக்கவாட்டிலிருந்து வந்த பந்தை மெக்டோமினே அந்தரத்தில் எம்பி உதைத்தார். கோல். நாப்போலி சாம்பியன். இரண்டாவது கோல் போட்ட லுகாகுவும் எங்கள் பழைய ஆள்தான், என்னத்தைச் சொல்ல! இத்தாலிய லீக்கின் சிறந்த வீரர் விருது மெக்டோமினேவுக்கு. அதே சீசனில் யுனைடெட் 15-ஆவது இடம்.

கிளப் தன் சொந்த அகாடமியில் (இளைஞர் பயிற்சிப் பள்ளியில்) வளர்த்த பையனை விற்றால் முழுக்க லாபம் என்கிறார்களே, அது என்ன கணக்கு?
*– வங்கி ஊழியர், மதுரை*

உங்களுக்கே தெரியாதா என்ன! இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் 2025-26 சீசன் வரை இருந்த விதிப்படி, மூன்று வருடத்தில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது. அதனால் எல்லாரும் கணக்கு ஏட்டைப் பார்த்தே ஆள் எடுத்தார்கள். 5 கோடிக்கு ஒருவரை ஐந்து வருடத்துக்கு வாங்கினால் வருடம் 1 கோடி செலவாக எழுதுவார்கள். இரண்டு வருடம் கழித்து 4 கோடிக்கு விற்றால், ஏட்டில் மிச்சமிருக்கும் மதிப்பு 3 கோடி. லாபம் 1 கோடிதான். ஏழு வயதிலிருந்து சோறு போட்டு வளர்த்த பையனுக்கு ஏட்டில் விலை பூஜ்யம். 4 கோடிக்கு விற்றால் 4 கோடியும் லாபம்.

ஆக, ரசிகனுக்கு யார் மேல் பிரியம் அதிகமோ, அவனை விற்பதுதான் கணக்குப்பிள்ளைக்கு லாபம். செல்சி 2023-இல் மவுன்ட்டை விற்றது (வாங்கியது நாங்கள், அதை விடுங்கள்), 2024-இல் காலகரை விற்றது. நியூகாசில், தன் ஊர்ப் பையன் எலியட் ஆண்டர்சனை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு அனுப்பியது. நட்டத்தைக் கட்டுப்படுத்துகிற விதி தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் பிறந்த கன்றை முதலில் சந்தைக்கு ஓட்டச் சொன்ன விதியை யார் யோசித்தார்களோ.

போக்பா?
*– வாசகர், காரைக்கால்*

எங்கள் அகாடமிப் பையன். 2012-இல் யுவென்டஸ் என்ற இத்தாலிய அணிக்கு ஏறக்குறைய சும்மா விட்டோம். 2016-இல் 8.9 கோடி பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கினோம். 2022-இல் மறுபடி சும்மா விட்டோம், அதே யுவென்டஸுக்கு. வேறென்ன வேண்டும்?

யுனைடெட்டின் அகாடமிப் பெருமையெல்லாம் வெறும் விளம்பரம்தானே?
*– வாசகி, சேலம்*

1937 அக்டோபரிலிருந்து, யுனைடெட்டின் ஒவ்வொரு ஆட்டத்துக்கான அணியிலும் அகாடமிப் பையன் ஒருவராவது இருந்திருக்கிறார். 2019 டிசம்பரில் அந்தக் கணக்கு 4000 ஆட்டத்தைத் தொட்டது. சில நாள் அந்த ஒருவர் மாற்று ஆட்டக்காரர் வரிசையில் உட்கார்ந்து எழுந்ததோடு சரி. அந்த மட்டுக்கும் விளம்பரம்தான்.

ஆனால் 2016 பிப்ரவரியை விளம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மிட்யூலன் என்ற டென்மார்க் அணியோடு ஆட்டம். தயார்ப் பயிற்சியிலேயே மார்சியாலுக்குக் காயம். வேறு ஆளில்லாமல் வான் கால் 18 வயது ரஷ்ஃபோர்டை இறக்கினார். இரண்டு கோல். மூன்று நாள் கழித்து ஆர்சனலோடு இன்னும் இரண்டு. அந்த மே மாதம் எஃப்.ஏ. கோப்பையை ஜெயித்துக் கொடுத்த வான் காலை இரண்டே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2024 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டியைச் சாய்த்த இரண்டு கோலும் 19 வயதுக்காரர்களுடையவை: கார்னாச்சோ, மைனூ. ஜெயித்த டென் ஹாக் அக்டோபரில் போனார். அடுத்த வருடம் கார்னாச்சோவைச் செல்சிக்கு விற்றார்கள். கணக்கு ஏடு சந்தோஷப்பட்டிருக்கும்.

கடைசியாக உண்மையைச் சொல்லுங்கள் சார். நீங்கள் இப்போது நாப்போலி ரசிகர்தானே?
*– அதே கோவை வாசகர்*

இல்லவே இல்லை. மெக்டோமினே ஆடுகிறாரா என்று மட்டும் பார்ப்பேன். அவர் ஆடினால் மிச்ச பத்துப் பேரையும் பார்க்கத்தானே வேண்டியிருக்கிறது.