ஆளுக்கேற்ற மனநலச் சிகிச்சை, ஆள் இல்லாத இடத்திலும்: கேள்வி பதில்

கேள்வி: மேடம், மனநல மருத்துவரே கிடைக்காத ஏழை நாடுகளில் 'ஆளுக்கேற்ற சிகிச்சை' என்று பேசுவது ஆடம்பரமில்லையா?

பதில்: அந்தச் சொல்லைக் கேட்டதும் மரபணுச் சோதனையும் மூளை ஸ்கேனும்தான் ஞாபகம் வருகின்றன. அவற்றை விடுங்கள். மனச்சோர்வுக்கு இவருக்கு இந்த மருந்துதான் என்று சோதித்துச் சொல்வது பணக்கார நாடுகளிலேயே இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. ஆளைப் புரிந்துகொள்ள ஆளிடம்தான் கேட்க வேண்டும்.

ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா செய்தது இதைத்தான். 2006இல் ஹராரேயின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிகளைப் பழக்கினார். சிகிச்சை நடப்பது மர பெஞ்சில். வந்தவர் தன் கஷ்டங்களையெல்லாம் கொட்டுவார். அதில் ஒன்றை அவரே தேர்ந்தெடுப்பார், அதற்கு என்ன செய்யலாம் என்று பாட்டியும் அவரும் சேர்ந்து யோசிப்பார்கள். ஒருத்திக்கு வாடகை, இன்னொருத்திக்குக் கணவனின் அடி. வழிமுறை ஒன்றுதான், சிகிச்சை ஆளுக்கு ஆள் வேறு. 2016இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் கழித்து பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் அது 50. (முதலில் 'மனநல பெஞ்ச்' என்று பெயர் வைத்தார்களாம், யாரும் உட்காரவில்லை. 'நட்பு பெஞ்ச்' ஆன பிறகுதான் வந்தார்கள்.)

கேள்வி: மனச்சோர்வைக் கண்டறியும் ஆங்கிலக் கேள்வித்தாளை உள்ளூர் மொழியில் பெயர்த்தால் போதாதா?

பதில்: போதாது. ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியில் மக்கள் சொல்வது 'குஃபுங்கிசிசா', அதாவது ஓயாமல் யோசித்துக்கொண்டே இருப்பது. 'உங்களுக்கு மனச்சோர்வா?' என்றால் இல்லை என்பவர், இப்படிக் கேட்டால் ஆமாம் என்பார். உகாண்டாவில் 2003இல் வெளிவந்த குழு சிகிச்சை ஆய்விலும், ஊர்க்காரர்கள் இந்தத் துயரத்தை என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் வேலையைத் தொடங்கினார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குழு.

கேள்வி: நான் ஆரம்ப சுகாதார மையச் செவிலியர். மனச்சோர்வுள்ள ஒருவரோடு ஆறு வாரமாகப் பேசுகிறேன், அவர் தேறவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் உங்களை நீங்களே குறை சொல்லாதீர்கள். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்க்யூ-9 தாளின் மதிப்பெண்ணை (0 முதல் 27 வரை, கூடினால் சோர்வு அதிகம்) இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறித்துவையுங்கள். எண் இறங்கவில்லை என்றால் காரணம் தேட வேண்டும். மாத்திரை போடுகிறாரா? குடிக்கிறாரா? வீட்டில் அடி விழுகிறதா? தைராய்டு, ரத்தசோகை? எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு பல நாள் இருந்தாரா? கடைசிக் கேள்வி முக்கியம். இப்படி அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு இருப்பவருக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். அப்புறம், தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. உண்டு என்றால் அன்றே மேல் மருத்துவமனைக்கு, கூட ஒருவரோடு.

கேள்வி: மருந்து எல்லாருக்கும் ஒன்றுதானே?

பதில்: கையில் இரண்டே மருந்து இருந்தாலும் ஆள் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மாத்திரை மலிவு, ஆனால் இதயநோய் உள்ளவருக்கு ஆபத்து. மொத்தமாக விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. இருமுனைக் கோளாறுக்குத் தரும் வால்புரோயேட்டைக் கருத்தரிக்கக்கூடிய பெண்ணுக்குத் தவிர்க்க வேண்டும், அது கருவைப் பாதிக்கும்.

கேள்வி: ஆளுக்குப் பதில் போனில் ஒரு மனநலச் செயலி போதுமா?

பதில்: துணைக்குச் சரி. வீட்டுக்கே ஒரு போன்தான் என்றால், அவர் எழுதுவதை வேறு யார் படிப்பார்கள் என்று முதலில் கேளுங்கள்.